வி எழுத்தில் நாலு வசவு

“ஒருத்தரும் சுவத்துல கை வைக்கக் கூடாது! தண்ணி ஊத்தி அழிச்சீங்க, அழிச்சவங்களையும் சேத்து உள்ள தள்ளுவேன்!”

ஆண்டவர் போட்ட சத்தத்தில், துடைக்க வந்த வீராயி வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். கூட்டிப் பெருக்குகிறவளுக்குக் காலையிலேயே இந்த அர்ச்சனை தேவைதானா என்று அவள் முணுமுணுத்தது பழனிவேலுக்கு மட்டும் கேட்டது.

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ‘ஆண்டவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் அகாடமி’யைத் தெரியாதவர் கிடையாது. கோட்டும் டையும் போட்டு ஆண்டவர் சிரிக்கிற போர்டு ஊருக்குள் நாலு இடத்தில் நிற்கிறது. அந்த அகாடமியின் வெள்ளைச் சுவரில்தான் அன்று விடிந்ததும் சிவப்புப் பெயிண்டில் நாலு ஆங்கில வார்த்தைகள் முளைத்திருந்தன. வெனல். வேபிட். வல்பைன். வெயின்குளோரியஸ். மேலே அம்புக்குறி ஒன்று போர்டில் சிரிக்கிற ஆண்டவரின் முகத்தைப் பார்த்து நீண்டிருந்தது. பிள்ளைகள் அதற்குள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள்.

“வேணிம்மா, முப்பது வருஷம் கண்டக்டரா இருந்திருக்கேன். சில்லறை பாக்கிக்காக என் பரம்பரையையே இழுத்திருக்காங்க. ஆனா இவ்வளவு கௌரவமா ஒரு வசவைப் பாத்ததே இல்ல” என்றார் பழனிவேல்.

“வாயை மூடிக்கிட்டு வாங்கண்ணே.”

வேணி துப்பறிகிறவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மேலதிகாரியின் மச்சானையே பிடித்துக் கொடுத்ததால் வேலை போயிற்று. இப்போது தனி ஆபீஸ். பழனிவேல் ரிட்டயர் ஆனபிறகு அவளோடு ஒட்டிக்கொண்டவர். வீட்டில் இருந்தால் பெண்டாட்டி ரேஷன் கடைக்கு அனுப்புவாள் என்பது முக்கியக் காரணம்.

“யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும்” என்றார் ஆண்டவர். “சாட்சிதான் வேணும். அதுக்குத்தான் உங்களக் கூப்ட்டேன். கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல, நிரூபிச்சுக் கொடுத்தா போதும். அதோ நிக்கறா பாருங்க.”

படிக்கட்டு ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். நர்மதா. எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து, ஜூன் மாதத்திலிருந்து இங்கே பாடம் எடுக்கிறாள். கண் சிவந்திருந்தது. அழுததால் இல்லை, கோபத்தால்.

“இதுக்கெல்லாம் என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டாள் வேணி.

“எழுதுனவளையே கேக்கறீங்க, நல்லா சொல்லுவா!” என்றார் ஆண்டவர்.

நர்மதா அவரை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வெனல்னா காசுக்கு விலைபோறவன். வேபிட்னா சாரமே இல்லாத சப்பை. வல்பைன்னா நரிப்புத்திக்காரன். வெயின்குளோரியஸ்னா வெத்துப் பெருமை அடிச்சுக்கறவன். நான் எழுதல. ஆனா எழுதுனவங்க உங்கள நல்லா தெரிஞ்சவங்க சார்.”

“பாத்தீங்களா திமிரை!”

பழனிவேலுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். நர்மதாவுக்கு அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை கூடி வந்திருக்கிறது. மறுநாள் காலை திருச்சியில் சர்டிபிகேட் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த ஒரிஜினல்கள் எல்லாம் ஆண்டவரின் ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடந்தன. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பாதியில் ஓடிவிடக் கூடாதாம். முந்தின நாள் நர்மதா கேட்டிருக்கிறாள். அவர் மறுத்திருக்கிறார். மாணவர்கள் முன்னாலேயே இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றி, “உங்க முகத்திரைய கிழிக்கறேன் பாருங்க” என்று அவள் சொல்லிவிட்டாள். விடிந்தால் சுவரில் இது.

“நாலு மணி வரைக்கும் டைம்” என்றார் ஆண்டவர். “நாலு மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன். ஒரு கேஸு விழுந்துச்சுன்னா கவர்மெண்ட் வேலை கனவுலகூட வராது. எனக்கு வேண்டியது இவ கைப்பட ஒரு மன்னிப்பு. அப்பறம் ரெண்டு வருஷம் இங்கேயே வேலை பாக்கணும்.”

“அதுக்கு ஜெயிலே மேல்” என்றாள் நர்மதா.

வேணி சுவரை இன்னொரு முறை மேலும் கீழும் பார்த்தாள். எழுத்துகள் தடித்த பிரஷ்ஷால் அவசரமில்லாமல், ஒரே அளவில் எழுதப்பட்டிருந்தன. எதிர்த்த டீக்கடைக்கு நடந்தாள். நர்மதாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“என்கிட்டேருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது” என்றாள் நர்மதா, டீயைத் தொடாமல். “நீங்களும் அவரோட ஆளுதானே.”

“அவரு கூப்ட்டாரு, வந்தேன். அவரு சொல்றதை நிரூபிக்கறதா எங்கயும் ஒத்துக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்குக் கோவம் வந்தா எழுத்து பாத்தா திட்டுவ?”

“புரியல.”

“எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சிருக்க. உனக்கு வார்த்தை ஆயிரம் தெரியும். ஒரு ஆளைத் திட்டணும்னா ஏ-ல ஒண்ணு, பி-ல ஒண்ணுன்னு வாய்க்கு வந்ததை எடுத்து வீசியிருப்ப. இந்த நாலும் வி-ல ஆரம்பிக்குது. ஏன்?”

நர்மதா முதல்தடவையாகக் கிளாஸைக் கையில் எடுத்தாள்.

“ஒரே எழுத்துல திட்டறவங்களுக்கு அந்த ஒரு எழுத்துதான் தெரியும்” என்றாள் வேணி. “இந்த ஊர்ல ஒருத்தருக்கு வி மட்டும் எப்படித் தெரியும்?”

“எங்க கிளாஸே அப்படித்தாங்க நடக்குது” என்றாள் நர்மதா மெதுவாக. “ரெண்டு வாரத்துக்கு ஒரு எழுத்து. அந்த எழுத்துல ஆரம்பிக்கற, யாரும் சாதாரணமா பேசாத வார்த்தைங்க. பெரிய ஃபிளெக்ஸ்ல தமிழ் அர்த்தத்தோட அச்சடிச்சு வச்சிருக்காரு. சுவத்துல மாட்டி மனப்பாடம் பண்ண வைக்கணும். இப்ப ஜி நடக்குது. கேருலஸ்னு ஒரு வார்த்தை. மூச்சு விடாம பேசிக்கிட்டே இருக்கறவங்கன்னு அர்த்தம்.”

வேணி பழனிவேலைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் ஒண்ணுமே பேசலையே!” என்றார் அவர்.

“அப்ப வி இன்னும் இங்க வரல?”

“வரவே இல்ல. அந்த ஃபிளெக்ஸை நானே பாத்ததில்ல. அரியலூர்ல ஒரு பிராஞ்ச் இருக்கு. மொத்தமே ஒரு செட்டுதான் அச்சடிச்சாரு. ரெண்டு செட்டு அடிக்க மனசு வரல. அதனால நாங்க ஏ-லேருந்து முன்னாடி போறோம், அரியலூர்ல இசட்லேருந்து பின்னாடி வராங்க. நடுவுல இடிச்சுக்காதாம்.”

“அடேயப்பா! என்ன ஒரு சிக்கனம்” என்றார் பழனிவேல். “ஒரு வேட்டிய வச்சுக்கிட்டு அண்ணன் தம்பி மாத்தி மாத்திக் கல்யாணத்துக்குப் போற கதையால்ல இருக்கு.”

வேணி அதற்குள் ஸ்கூட்டரை உதைத்துவிட்டாள்.

அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரின் பின்சீட்டில் போவது ஒரு தண்டனை. சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரி ஒன்று முந்திக்கொண்டு போனதில் பழனிவேலின் மீசை ஒரு நிமிடத்தில் நரைத்தது. “பஸ்ல வந்திருந்தா ஃப்ரீ பாஸ்ல வந்திருப்பேன்” என்று வழிநெடுகப் புலம்பினார். வேணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மனசில் ஒரே கணக்குத்தான் ஓடியது. அரியலூர் கிளாஸில் வி முடித்த யாரோ ஒருவர். ஆண்டவர்மேல் கோபம் உள்ள யாரோ ஒருவர்.

பிராஞ்ச் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில், ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்தது. பொறுப்பாளர் பிரேம் வாசலிலேயே வழி மறித்தான். முப்பது வயசுக்குள் அவ்வளவு கடுகடுப்பு எங்கிருந்து வந்ததோ.

“யாரு? ஆண்டவர் சார் வேவு பாக்க அனுப்புனாரா?”

“கிளாஸ்ல சேர வந்தோம் தம்பி” என்றார் பழனிவேல்.

“இந்த வயசுலயா?”

“சாகறதுக்குள்ள ரெண்டு எழுத்தாவது முடிச்சுடலாம்னுதான்.”

“நக்கலா? எறங்குங்க கீழ. பெரம்பலூர் சுவத்துப் போட்டோ காலையிலேயே எனக்கு வந்துருச்சு. என் பசங்க மேல பழி போட வந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். செய்யறதைச் செஞ்சுக்கங்க!”

கதவைச் சாத்தப் போனான். வேணி சாத்துகிற கதவுக்கு நடுவே காலை வைத்து, அவன் தோளுக்கு மேலாக உள்ளே குரல் கொடுத்தாள்.

“பிள்ளைங்களா! இந்த வாரம் என்ன எழுத்து?”

மனப்பாடக் கிளாஸில் கேள்வி யார் கேட்டாலும் பதில் வந்துவிடும். “எஸ்!” என்று மாடியே அதிரக் கத்தினார்கள்.

“ஒரு வார்த்தை சொல்லுங்க?”

முன்வரிசையில் இருந்த லாவண்யா என்ற பெண் எழுந்து நின்றாள். “சர்லி. சிடுமூஞ்சித்தனமா நடந்துக்கறது.” சொல்லிவிட்டுப் பிரேமைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிளாஸ் முழுக்கச் சிரித்தது.

“அதுக்கு முந்தி?”

“டி!”

“அதுக்கும் முந்தி?”

“யு!”

“அதுக்கும் முந்தி வி. வி-ல ஒரு வார்த்தை சொல்லு கண்ணு.”

லாவண்யா விழித்தாள். “வி நடக்கல மேடம். டபிள்யூ முடிச்சதும் யு வந்துருச்சு.”

வேணியின் கால் தானாகக் கதவை விட்டு வெளியே வந்தது. இவ்வளவு தூரம் தூசியைத் தின்றுகொண்டு வந்தது இதற்குத்தானா என்று பழனிவேலுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பெரம்பலூரில் வி வரவில்லை, அரியலூரிலும் வி வரவில்லை என்றால் அந்த எழுத்து என்ன ஆகாயத்திலிருந்தா குதித்தது?

பிரேமுக்கு இப்போது கொஞ்சம் வேகம் தணிந்திருந்தது. “கேட்டீங்கல்ல? இப்ப என் பசங்களை விடுங்க. வி ஃபிளெக்ஸ் இங்க வரவே இல்ல. போன் பண்ணிக் கேட்டேன். ‘அது போனா போவுது, அடுத்த எழுத்துக்குப் போ’ன்னாரு.”

“மத்த ஃபிளெக்ஸ் எல்லாம் எங்க இருக்கு?”

“எங்க இருக்கும்? பாடாலூர்ல அவரு வூட்டுலதான். எங்கள நம்பி ஒரு சுருளை விட்டு வைப்பாரா மனுஷன்? என் பி.ஏ. சர்டிபிகேட்டே அவரு பீரோலதான் தூங்குது.”

படி இறங்கும்போதே பழனிவேல் கேஸை முடித்துவிட்டார். “வேணிம்மா, சந்தேகமே வேண்டாம். ஃபிளெக்ஸ் அவரு வூட்டுல. வார்த்தை தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். அந்தப் புள்ளை போனா கிளாஸ் படுத்துரும். தானே எழுதிட்டு அது மேல பழியைப் போட்டு ரெண்டு வருஷம் கட்டிப்போடப் பாக்கறான். பேரைப் பாரு, ஆண்டவராம்! இவனுக்கு எவன் வச்சான்?”

“தன்னைத் தானே நரின்னு எழுதிக்குவாரா?”

“காரியம் ஆகணும்னா கழுதைன்னுகூட எழுதிக்குவான்.”

“இருக்கலாம்” என்றாள் வேணி. ஆனால் அவள் முகத்தில் அந்த ‘இருக்கலாம்’ ஒட்டவில்லை.

பெரம்பலூரைத் தாண்டித் திருச்சி ரோட்டில் பாடாலூருக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. ஆண்டவரின் வீடு ஊர் ஓரத்தில், வயலை ஒட்டி இருந்தது. முன்பக்கம் கிரானைட், பின்பக்கம் சின்ன வெங்காயப் பட்டறை. இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் விலை ஏறுகிறவரை வெங்காயத்தைக் குச்சிகளுக்கு நடுவே காற்றோட்டமாகக் குவித்து, மேலே மூடி வைப்பார்கள். பட்டறைக்கு எதிரே ஒரு பெண் பலகையில் உட்கார்ந்து, வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிவாள்மணையில் அறுத்து அறுத்துக் கூடையில் வீசிக்கொண்டிருந்தாள். நாற்பது வயசிருக்கும். ஆண்டவரின் மனைவி புஷ்பவல்லி.

“யாவாரமா? விலை படியாது, கெளம்புங்க” என்றாள் நிமிராமலே.

“நாங்க இன்னும் விலையே கேக்கலையே தாயி” என்றார் பழனிவேல்.

“கேட்டாலும் படியாது.”

 வேணி பட்டறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழனிவேலும் பார்த்தார். 

வெங்காயத்தை மூடியிருந்தது ஒரு ஃபிளெக்ஸ். மேல்பாதி பட்டறைக்குப் பின்புறமாக மடிந்து, கல் வைத்து அழுத்தப்பட்டிருந்தது. கீழ்ப்பாதி மட்டும், அச்சடித்த பக்கம் வெளியே தெரிய, புஷ்பவல்லி உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் எதிராகத் தொங்கியது. கொட்டை எழுத்தில் ஆங்கில வார்த்தைகள், பக்கத்தில் தமிழ் அர்த்தம்.

வேணி சத்தமாகப் படித்தாள். “வெனல். வேபிட். வெர்டன்ட்னா பசுமையானது. விவேஷியஸ்னா துறுதுறுன்னு இருக்கறவங்க. வல்பைன். வெயின்குளோரியஸ்.” பிறகு திரும்பி, “ஆறு இருக்கு. நாலுதான் எழுதுனீங்க. நடுவுல ரெண்டை விட்டுட்டீங்களே?” என்றாள்.

அரிவாள்மணையில் கை நின்றது. மூலையில் கட்டி வைத்திருந்த வெங்காய மூட்டைகளைப் பழனிவேல் அப்போதுதான் கவனித்தார். ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு ஒரு கோடு. அதே சிவப்புப் பெயிண்ட். அதே தடித்த பிரஷ், ஒரு டப்பாவுக்குள் தலைகீழாக நின்றது.

புஷ்பவல்லி எழுந்தாள். மறுப்பாள், கத்துவாள் என்று பழனிவேல் இரண்டடி பின்வாங்கினார்.

“அந்த ரெண்டும் அவருக்குப் பொருந்தல” என்றாள் அவள். “அதான் விட்டுட்டேன்.”

பழனிவேல் தலையில் கை வைத்துக்கொண்டார். இதுவரை அவர் கட்டிய கோட்டை பொலபொலவென்று சரிந்தது.

“யாரு அனுப்புனா? அவரா?” என்று சீறினாள் புஷ்பவல்லி. “போய்ச் சொல்லுங்க. உழவர் சந்தைக்கு மூட்டை ஏத்திக்கிட்டுப் போறப்ப, விடியறதுக்கு முன்னாடி உங்க பொண்டாட்டிதான் எழுதுனான்னு சொல்லுங்க. எனக்கென்ன பயம்? நான் கணக்குல பி.எஸ்ஸி., பி.எட். கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்கூல்ல வேலை பாத்தவ. ‘பத்திரமா இருக்கட்டும்’னு எம் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோல வச்சாரு. புள்ளைங்க ஹாஸ்டலுக்குப் போற அளவுக்கு வளந்தாச்சு, அது இன்னும் பீரோலதான் இருக்கு. போன வாரம் இங்க ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேணும்னாங்க. வாய் விட்டுக் கேட்டேன். சிரிச்சாருங்க! ‘உனக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வருமா? வெங்காயத்தை அறு போ’ன்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. இங்க வந்து உக்காந்தா எதிர்ல இது தொங்குது. ஒரு மாசத்துக்கு மேல தெனம் இதையே பாத்துக்கிட்டுல்ல உக்காந்திருக்கேன்? தார்ப்பாய் வாங்கக் காசு செலவாவுதேன்னு அவரே கொண்டாந்து போத்துனது.”

“அவரு உங்களச் சந்தேகப்படல” என்றாள் வேணி.

“படமாட்டாரு. எனக்குத்தான் இங்கிலீஷே வராதே.”

“நர்மதான்னு ஒரு பொண்ணு மேல போட்டிருக்காரு. நாலு மணிக்குப் போலீஸ்ல கம்ப்ளைண்ட். நாளைக்குக் காலையில அது திருச்சி போகணும். சர்டிபிகேட் உங்களோடது இருக்கற அதே பீரோல இருக்கு.”

புஷ்பவல்லியின் முகத்திலிருந்த கோபம் அப்படியே உறைந்தது. கூடையைக் காலால் தள்ளினாள். வெங்காயம் முற்றமெல்லாம் உருண்டது.

“பாவி மனுஷா! விடிஞ்சதும் வெள்ளையடிச்சு மறைச்சுட்டு, வூட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காருவாருன்னுல்ல நெனச்சேன். ஊரான் வூட்டுப் புள்ளை வயித்துலயா அடிக்கறாரு?” சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள். “ஸ்கூட்டர்ல மூணு பேரு போலாமா?”

“சட்டப்படி கூடாது” என்றார் பழனிவேல்.

“அப்ப நீங்க பஸ்ல வாங்கண்ணே” என்றாள் வேணி.

பழனிவேல் அடித்துப்பிடித்து ஒரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு பாலக்கரையில் இறங்கி ஓடியபோது, ஆண்டவர் கையில் புகார்க் காகிதத்தோடு காரில் ஏறப்போகிற நேரம். கார் கதவைப் பிடித்துக்கொண்டு புஷ்பவல்லி நின்றிருந்தாள். நர்மதா படிக்கட்டில். மாலைக் கிளாஸுக்கு வந்த பிள்ளைகள் மொத்தமும் வாசலில்.

“இங்க ஏன்டி வந்த? வூட்டுக்குப் போ!” பல்லைக் கடித்தார் ஆண்டவர்.

“கம்ப்ளைண்ட் எழுதிட்டீங்களா? பேரைத் திருத்துங்க.” அவள் சுவருக்கு நேராகப் போய் நின்றாள். “வெனல், காசுக்கு விலைபோறவன். வேபிட், சப்பை. வல்பைன், நரிப்புத்தி. வெயின்குளோரியஸ், வெத்துப் பெருமை. எழுதுனது புஷ்பவல்லின்னு போடுங்க. ஸ்டேஷன்ல புருஷன் பேரும் கேப்பாங்க. அதையும் சேத்து எழுதிக்குங்க.”

கூட்டத்தில் எவனோ ஒருவன் விசில் அடித்தான். ஆண்டவர் கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினார். அவர் வேணியைப் பார்த்தார். கொளுத்திவிடுகிற பார்வை.

“உன்னை எதுக்குக் கூப்ட்டேன், நீ என்ன பண்ணியிருக்க?”

“சாட்சி கேட்டீங்க சார். கூட்டிக்கிட்டு வந்துட்டேன்” என்றாள் வேணி.

அதற்குமேல் தெருவில் நிற்க ஆண்டவருக்குத் தெம்பில்லை. விறுவிறுவென்று ஆபீஸுக்குள் போனார். நாலு பேரும் பின்னாலேயே போனார்கள். பீரோவைத் திறந்து, நர்மதாவின் ஃபைலை எடுத்து மேஜைமேல் விட்டெறிந்தார். அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை.

ஆண்டவர் பீரோவைச் சாத்தப் போனார். புஷ்பவல்லியின் கை நடுவே வந்தது.

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

“அதை வூட்டுல பேசிக்கலாம்.”

“எனக்கு இங்கதான் வேணும்.”

“உனக்கு எதுக்குடி அது? யாரு உன்னைய வேலைக்கு வச்சுக்குவா?”

புஷ்பவல்லி சத்தம் போடவில்லை. “பட்டறை மேல போத்துன ஃபிளெக்ஸுல பாதிதாங்க நான் படிச்சிருக்கேன். மேல்பாதி மடிஞ்சு கெடக்கு. கல்லை எடுத்துட்டுப் பிரிச்சா மீதியும் தெரிஞ்சுடும். என்னென்ன வார்த்தைன்னு அச்சடிச்ச உங்களுக்குத் தெரியும். சுவத்துலயும் இடம் நிறைய இருக்கு.”

 மேல்வரிசையில் என்ன இருந்தது என்று ஆண்டவர் மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்ததை அவர் முகமே காட்டிக்கொடுத்தது. குனிந்து, பீரோவின் அடித்தட்டில் கையைவிட்டுத் துழாவி, நிறம் மங்கிய ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். கல்லூரிக் காலத்துப் போட்டோவில் ஒற்றை ஜடை போட்ட பெண் ஒருத்தி முறைத்துக்கொண்டிருந்தாள். உறையை மஞ்சப்பைக்குள் வைத்து மடித்து இடுக்கிக்கொண்டாள்.

வெளியே திருச்சி பஸ் வந்து நின்றது. நர்மதா இன்றைக்கே போய்த் தங்கிவிடுவதாகச் சொன்னாள், இனி இந்த ஊரில் ஒரு ராத்திரிகூட இருக்க முடியாதாம். புஷ்பவல்லியும் அவளோடு ஏறினாள். பஸ் கண்டக்டர் பழைய சகா என்பதால் பழனிவேல் படியில் தொற்றிக்கொண்டு உரிமையோடு அவரே கேட்டார்.

“திருச்சி ஒண்ணு, பாடாலூர் ஒண்ணா?”

ஆபீஸ் வாசலில் ஆண்டவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் நாலு வார்த்தைகளும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. புஷ்பவல்லி ஜன்னல் வழியே ஒரு தடவை பார்த்தாள்.

“எங்க அக்கா வூடு உறையூர்ல இருக்கு” என்றாள். “திருச்சி ரெண்டு போடுங்க.”